வேன் ரீகால்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் ரோட்டெக்ஸ் என்னும் சாலை வரியையும் இன்சூரன்ஸையும் புதுப்பிக்கும் கடை என்னுடையது. காய்கறி வேன், பள்ளி வேன், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் போகும் வேன், தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேன் என்று எல்லாரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது என் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தால் ரீகால் பற்றியும் ஒரு சந்தேகம் கேட்காமல் போவதில்லை. ஆள்தான் வேறு, சந்தேகம் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

"ரீகால்னா வேனை கம்பெனியே திருப்பி எடுத்துக்குமா? அப்போ என் பொழப்பு என்ன ஆகுறது?"

எடுத்துக்கொள்ளாது. ஒரு குறிப்பிட்ட மாடலில், குறிப்பிட்ட காலத்தில் செய்த வண்டிகளில், உயிருக்கு ஆபத்தான ஒரு குறை இருப்பது தெரிந்தால் கம்பெனி அந்த வண்டிகளைச் சர்வீஸ் சென்டருக்கு வரச் சொல்லும். குறை உள்ள பாகத்தை மாற்றி, அல்லது சரி செய்து, வேனை உங்களிடமே கொடுத்துவிடும். பணத்தைக் கொடுத்து வண்டியையே வாங்கிக்கொள்வது அபூர்வம்.

எல்லாக் குறைக்கும் ரீகால் வராது. கதவுப் பிடி உடைவது, ஏர்கோன் குளிராதது எல்லாம் இதில் சேராது. பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் கசிவு, தீப்பிடிக்கக்கூடிய வயரிங், சீட் பெல்ட், ஏர்பேக், ஓடும்போதே எஞ்சின் அணைந்துபோவது, இப்படிப்பட்டவைதான் ரீகாலுக்கு வரும்.

"வாரண்டி முடிஞ்சி எத்தனையோ வருசமாச்சு. எனக்கும் செஞ்சி கொடுப்பாங்களா?"

கொடுப்பார்கள். வாரண்டிக்கு ஆண்டுக் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் உண்டு. ரீகால் அப்படியில்லை. வண்டி செய்யும்போதே இருந்த குறை என்பதால் எத்தனையாவது கை உரிமையாளர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதில்லை. சர்வீஸ் புத்தகம் இல்லாவிட்டாலும், வெளிப் பட்டறையிலேயே எண்ணெய் மாற்றி வந்திருந்தாலும் பரவாயில்லை.

ஆண்டு வரம்பு வைத்த இடத்திலும் அது நீளமானதுதான்: அமெரிக்காவில் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை இலவசமாகச் செய்து தர வேண்டும் என்று சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. அதைவிடப் பழைய வண்டிகளையும் ஏர்பேக் விவகாரத்தில் கம்பெனிகள் கூப்பிட்டு மாற்றித் தந்திருக்கின்றன. அதனால் "பழசு, கேட்டால் திட்டுவார்கள்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

"காசு எவ்வளவு ஆகும்?"

ரீகால் வேலைக்கு ஒரு சென் கூட இல்லை. பாகமும் கூலியும் கம்பெனி செலவு. ஆனால் வேன் உள்ளே போனதும் "பிரேக் பேட் தேய்ந்திருக்கு, பெல்ட் வெடிச்சிருக்கு" என்று ஒரு தாள் நீட்டுவார்கள். அது ரீகாலில் சேர்ந்ததல்ல, வேண்டாம் என்று சொல்லலாம். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நம் ஊர்ப் பட்டறையில் காட்டி விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் ரீகாலும் செய்ய மாட்டோம் என்று மிரட்டினால் மட்டும் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

"எனக்குக் கடிதமே வரலையே அண்ணே. அப்போ என் வேன் நல்ல வேன்தானே?"

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. பதில்: இல்லை. கடிதம் வராததை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கம்பெனியின் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் முதலில் வாங்கியவரின் பெயரும் முகவரியும்தான். நம் ஊரில் வேன் எப்படிக் கை மாறுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஈப்போவில் ஒரு தவுக்கே, அதாவது ஒரு முதலாளி, புதிதாக வாங்கி ஓட்டுவார், பிறகு ஒரு மளிகைக் கடைக்குப் போகும், அங்கிருந்து பள்ளி வேன் ஓட்டும் அக்காவிடம் போகும், கடைசியில் கோழி ஏற்றுபவர் கைக்கு வரும். கடிதம் அந்த முதல் தவுக்கேயின் பழைய வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். அவர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பார்.

புதிதாக வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். எல்பில், ஹீவுட் என்று தோட்டத்து லயத்து முகவரியில் பதிந்துவிட்டு, பிறகு தாமான் என்னும் புதுக் குடியிருப்புக்குக் குடி வந்தவர்கள் எத்தனை பேர்! லயமே இல்லை, முகவரி மட்டும் கம்பியூட்டரில் இருக்கிறது. கைப்பேசி எண்ணையும் இதற்குள் நாலு தடவை மாற்றியிருப்போம். அதனால்தான் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். நாமே போய்க் கேட்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு தடவை. ரோட்டெக்ஸ் போடும் மாதத்தை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது.

"சரி, கேக்குறேன். எந்த நம்பரைக் கொடுத்துக் கேக்கணும்?"

வண்டி எண் பலகை மட்டும் போதாது. வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் அடையாள எண்ணான சாசி எண் வேண்டும். கிராண்ட் என்னும் வண்டிப் பதிவுத் தாளில் இருக்கும், இன்சூரன்ஸ் தாளிலும் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து பெரும்பாலும் 17 இடம் வரும். அந்த 17-இல் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்று எழுத்தும் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் இவற்றோடு குழம்பக் கூடாது என்று உலகம் முழுக்க வைத்த விதி. வட்டமாக இருந்தால் பூஜ்யம், கோடாக இருந்தால் ஒன்று. இந்தச் சின்னத் தவறால் "உங்கள் வண்டி பட்டியலில் இல்லை" என்று பதில் வாங்கி வந்தவர்கள் உண்டு.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் வேன் கம்பெனியின் மலேசிய விநியோகஸ்தருக்குப் போன் செய்யுங்கள், அல்லது ஈப்போ சர்வீஸ் சென்டருக்கு நேரில் போங்கள். பல கம்பெனிகளின் இணையப் பக்கத்தில் சாசி எண்ணைப் போட்டுப் பார்க்கும் கட்டமும் இருக்கிறது. பதில் கிடைத்ததும் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கிராண்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இது ரீகாலா பாருங்க" என்று கேட்காதீர்கள். பெயர், ஐசி என்னும் அடையாள அட்டை எண், சாசி எண் எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது.

"வாட்ஸ்அப்பில் ரீகால்னு ஒரு லிங்க் வந்துச்சு. தட்டலாமா?"

தட்டாதீர்கள். ரீகாலுக்கு வங்கி விவரமோ, பணம் அனுப்ப வங்கி தரும் டிஏசி எண்ணோ தேவையே இல்லை. இலவச வேலைக்கு எதற்கு வங்கி? முன்பணம் கட்டினால் இடம் பிடித்துத் தருவோம் என்று சொன்னால் அது மோசடி. உண்மையான செய்தியாகவே இருந்தாலும் லிங்கை விட்டுவிட்டு, மேலே சொன்ன மாதிரி நீங்களே கம்பெனிக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

"தக்காத்தா, தக்காத்தான்னு சொல்றாங்களே, அது காருக்குத்தானே? வேனுக்கு என்ன வந்தது?"

தக்காத்தா என்பது ஏர்பேக் செய்த ஜப்பானியக் கம்பெனி. மோதும்போது ஏர்பேக்கை ஊத வைக்க ஒரு சிறிய உலோகக் குப்பிக்குள் வெடிமருந்து வைத்திருப்பார்கள். இன்ஃபிளேட்டர் என்பது அதுதான். தக்காத்தா அதில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பல ஆண்டுகள் வெயிலும் ஈரப்பதமும் பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகும். கெட்டது வெடித்தால் அளவுக்கு மீறி வெடிக்கும், உலோகக் குப்பியே சிதறும். ஏர்பேக் துணியைக் கிழித்துக்கொண்டு அந்தத் துண்டுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். சின்ன மோதலில்கூட இது நடந்திருக்கிறது.

ஈரப்பதமும் வெயிலும்தான் எதிரி என்றால் நம் நாட்டைவிட மோசமான இடம் எது? அமெரிக்காவுக்கு வெளியே இதனால் முதல் உயிர் போனது மலேசியாவில்தான். 2014-இல், சரவாக்கின் சிபுவில், 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்றில். அதன் பிறகும் இங்கே உயிர்கள் போயின. உலகம் முழுக்க 10 கோடிக்கு மேற்பட்ட இன்ஃபிளேட்டர்கள் ரீகாலுக்கு வந்தன. தக்காத்தா 2017-இல் திவாலானது.

இது காருக்கு மட்டும் வந்த வியாதியில்லை. 2016 பிப்ரவரியில் டைம்லர் அமெரிக்காவில் சுமார் 8,40,000 வண்டிகளைத் தக்காத்தா ஏர்பேக்குக்காக அழைத்தபோது அதில் சுமார் 1,36,000 வேன்கள் இருந்தன. அதற்காக ஏர்பேக் உள்ள எல்லா வேனிலும் தக்காத்தா என்று பயப்பட வேண்டாம். வேறு கம்பெனி ஏர்பேக்குகளும் நிறைய இருக்கின்றன. உங்கள் வேனில் என்ன இருக்கிறது என்பதைச் சாசி எண்தான் சொல்லும்.

"டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு எரியல. அப்போ ஏர்பேக் சரியாத்தானே இருக்கு?"

அந்த விளக்கு வயர் இணைப்பையும் உணரிகளையும் பார்த்துச் சொல்லும். குப்பிக்குள்ளே மருந்து கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க அதற்கு வழியில்லை. தக்காத்தா ஏர்பேக்கால் காயப்பட்டவர்களின் வண்டியிலும் முன்கூட்டியே எந்த அறிகுறியும் இருந்ததில்லை. சத்தம் வராது, நாற்றம் வராது. வெடிக்கும்போதுதான் தெரியும்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அது வேறு பிரச்சினை, அதையும் பாருங்கள். சிலர் அந்தப் பல்பையே கழற்றிவிட்டு வேனை விற்கிறார்கள். சாவியைத் திருப்பும்போது விளக்கு ஒரு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

"என்னோடது பழைய வனெட். ஏர்பேக்கே கிடையாது. எனக்கு எதுக்கு ரீகால்?"

நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நிசான் வனெட் சி22, 1996-இல் வந்த பெரோடுவா ரூசா போன்றவற்றுக்குத் தக்காத்தா கவலை இல்லை, உண்மைதான். முதல் பதிலில் சொன்ன பிரேக், எரிபொருள், ஸ்டியரிங் சமாச்சாரங்களுக்கு ஏர்பேக் தேவையில்லையே. சாசி எண்ணைக் கொடுத்து ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன். இவ்வளவு பழைய வேனுக்குப் புதிதாக ரீகால் வருவது அரிது. அதில் ஆபத்து வருவது தேய்மானத்தால்தான்: துருப்பிடித்த பிரேக் குழாய், விரிசல் விட்ட பெட்ரோல் ஹோஸ், சீட்டுக்கு அடியில் இருக்கும் எஞ்சின் பக்கம் உருகிப்போன வயர். முன்னால் பானெட் இல்லாத வேன், மோதினால் முதலில் அடிபடுவது உங்கள் முழங்கால். இந்த வேன்களுக்கு நல்ல போமன், அதாவது பட்டறை மெக்கானிக், ஒருவர்தான் ரீகால்.

"புஸ்பகோம் பாஸ் ஆயிடுச்சு. அதுக்கு மேல என்ன?"

புஸ்பகோம் போன்ற வண்டிச் சோதனை மையத்தில் பார்ப்பது அன்றைக்கு வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்பதை: பிரேக் பிடிக்கிறதா, விளக்கு, டயர், புகை, அடிப்பகுதி. ஏர்பேக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் குப்பியின் எண்ணைப் பார்ப்பது அந்தச் சோதனையில் இல்லை. பாஸ் ஆன வண்டிக்கும் ரீகால் இருக்கலாம், ரீகால் முடித்த வண்டியும் சோதனையில் விழலாம்.

"எங்க போமன் கெட்டிக்காரர். பாகம் மட்டும் வாங்கிக் கொடுத்தா அவரே மாட்டிடுவாரே?"

ரீகால் பாகத்தைக் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றி, பழைய பாகத்தை எடுத்துக்கொண்டு, சாசி எண்ணுக்கு நேரே "முடிந்தது" என்று பதிந்தால்தான் கணக்குத் தீரும். ஏர்பேக் என்றால் அது வெடிமருந்து. பேட்டரியைக் கழற்றி, மின்சாரம் முழுக்க வடியும்வரை காத்திருந்து, ஒழுங்குமுறையோடு தொட வேண்டிய பொருள். நம் போமன் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். ஏர்பேக் பியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். நல்ல ஏர்பேக்கும் சேர்ந்து செத்துவிடும்.

"ஈப்போ போனா ஒரு நாள் கூலி போயிடுமே. யார் கொடுப்பா?"

யாரும் கொடுக்க மாட்டார்கள், பொதுவாக. பெட்ரோலும் உங்களுடையது. அதனால் நேரே போய் வரிசையில் நிற்காமல், முன்பே போன் செய்து பாகம் வந்திருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, தேதி வாங்கிக்கொண்டு போங்கள். ஏர்பேக் மாற்றும் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியக்கூடியது. காலையில் முதல் ஆளாகக் கேளுங்கள். பள்ளி வேன் ஓட்டுபவர்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் ஈப்போ போய், மதியம் பள்ளி விடுவதற்குள் திரும்பிவிடலாம். பள்ளி விடுமுறையில் போனால் இன்னும் நல்லது.

வேனில் சாமான் ஏற்றியபடி போகாதீர்கள். சரக்கு இருந்தால் சில இடங்களில் உள்ளேயே விட மாட்டார்கள். மீன் ஏற்றும் வேன் என்றால் கழுவிவிட்டுப் போங்கள், வேலை செய்பவரும் மனிதர்தானே.

"பாகம் இல்ல, வந்தா கூப்பிடுறோம்னு சொல்லிட்டாங்க. அது வரைக்கும் ஓட்டலாமா?"

குறை என்ன என்பதைப் பொறுத்தது. "ஓட்டாதீர்கள்" என்றே கம்பெனி அறிவித்திருந்தால் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். மற்ற நேரத்தில், காத்திருக்கும் வரை என்ன செய்ய வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். குறை பயணி பக்கத்து ஏர்பேக்கில் என்றால் முன் சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல் ஓட்டுவது ஒரு வழி. பள்ளி வேனில் முன் சீட்டில் பிள்ளையை ஏற்றும் பழக்கத்தை இதை வைத்தாவது நிறுத்துங்கள்.

பெயரைப் பட்டியலில் ஏற்றியதற்கு ஒரு எண்ணோ தாளோ கேட்டு வாங்குங்கள். "கூப்பிடுறோம்" என்பவர்கள் மறந்துவிடுவார்கள். நீங்கள்தான் மறுபடி மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்.

"என்னோட டொயோட்டா ஹையேஸ் வேன் ரெகோன். ஜப்பான்லருந்து வந்தது. இங்க உள்ள கம்பெனி பார்க்குமா?"

ரெகோன் வேனை, அதாவது வெளிநாட்டில் ஓடியதை இறக்குமதி செய்து விற்கும் வேனை, இங்குள்ள அதிகாரபூர்வ விநியோகஸ்தர் விற்கவில்லை, அதனால் அவருடைய பட்டியலில் உங்கள் வேன் இருக்காது. அதன் சாசி எண்ணும் 17 இடம் வராது. டிஆர்எச், கேடிஎச் என்று மாடல் எழுத்தில் தொடங்கி, நடுவில் ஒரு கோடு, பிறகு எண் என்று குட்டையாக இருக்கும். இங்குள்ள இணையக் கட்டத்தில் போட்டால் "தவறான எண்" என்றே வரலாம். தவறான எண் என்றால் ரீகால் இல்லை என்று அர்த்தமில்லை.

ஜப்பானில் கம்பெனிகளின் சொந்தப் பக்கத்தில் இந்தக் குட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும். வீட்டில் கைப்பேசி பார்க்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் மொழிமாற்றிக் காட்டிவிடும். ரீகால் இருப்பது தெரிந்தால் அந்தப் பக்கத்தின் படத்தோடு இங்குள்ள அதே பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். செய்து தருவார்களா என்பது கம்பெனியைப் பொறுத்தும் குறையைப் பொறுத்தும் மாறும். முகப்பில் இருப்பவர் முடியாது என்றால், விநியோகஸ்தரின் தலைமையகத்துக்கு எழுதிக் கேளுங்கள். விற்ற ரெகோன் கடையையும் விடாதீர்கள்.

"வேன் என் பேர்ல இல்ல. சம்போங் பாயார்ல ஓட்டுறேன். போனா மாட்டிக்குவேனா?"

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். வேறொருவர் பெயரில் இருக்கும் கடனை நீங்கள் கட்டி ஓட்டுவது உங்களுக்கும் அவருக்கும் வங்கிக்கும் இடையிலான தலைவலி. அது நல்ல ஏற்பாடு இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ரீகால் வண்டிக்குச் செய்வது, ஆளுக்கு அல்ல. சர்வீஸ் சென்டருக்கு வேண்டியது சாசி எண்ணும் வேனும். சில இடங்களில் கிராண்ட் நகல் கேட்பார்கள். உரிமையாளரிடம் ஒரு நகலும், நான் கொண்டுபோகச் சொன்னேன் என்று ஒரு வரியும் வாங்கிக்கொண்டு போங்கள். கடிதம் வந்திருந்தால் அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கும், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

"நான் வெறும் டிரைவர். வேன் முதலாளியோடது. நான் என்ன செய்ய முடியும்?"

உயிர் உங்களுடையது, கேட்கலாம். சாசி எண் கதவுத் தூணிலோ முன் சீட்டுப் பக்கமோ வண்டியிலேயே பொறித்திருக்கும். முதலாளியிடம் கேட்காமலே விசாரித்துவிடலாம். ரீகால் இருப்பது தெரிந்தால் வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்புங்கள், தேதியோடு. "இலவசம், காலையில் போய் மதியம் வந்துவிடுவேன்" என்பதையும் சேர்த்து எழுதினால் பல முதலாளிகள் மறுக்க மாட்டார்கள். எரிச்சல்படுவது பணம் கேட்கும் என்று நினைத்துத்தான்.

"சாசி எண் சரி, ரீகால் இல்லைன்னுட்டாங்க. ஆனா ஸ்டியரிங் ஹாஃப்கட் கடையில வாங்கி மாத்துனது. அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இதை யோசித்துக் கேட்பவர்கள் குறைவு. சாசி எண் சொல்வது, தொழிற்சாலையில் என்ன பாகம் போட்டார்கள் என்பதை மட்டும்தான். பிறகு வேறு வண்டியிலிருந்து வெட்டி எடுத்த ஸ்டியரிங்கையும் ஏர்பேக்கையும் பொருத்தியிருந்தால், அந்தப் பாகம் ரீகாலில் உள்ள வண்டியிலிருந்து வந்ததா என்று உங்கள் சாசி எண்ணுக்குத் தெரியாது. விபத்தில் ஏர்பேக் வெடித்து, பிறகு சரி செய்து விற்ற வேன்களில் இது அதிகம். பழைய வேன் வாங்கும்போது ஏர்பேக் மூடியின் நிறமும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கின் நிறமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் காசு கொடுத்தாவது அந்த ஏர்பேக்கின் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவு உங்களுடையது, ஏனென்றால் பாகத்தைப் போட்டது கம்பெனி இல்லை.

"கிரான் மேக்ஸுக்கு ஜப்பான்ல சான்றிதழையே ரத்து பண்ணிட்டாங்களாம். அதுவும் ரீகால்தானே?"

இரண்டும் வேறு. கிரான் மேக்ஸைச் செய்யும் டைஹாட்சு கம்பெனி பல ஆண்டுகளாகப் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023 டிசம்பரில் ஒரு விசாரணைக் குழு அறிக்கையில் வெளியானது. 64 மாடல்கள், 174 முறைகேடுகள். மோதல் சோதனையில் ஏர்பேக்கை உணரி வெடிக்க வைக்க வேண்டியதற்குப் பதில் டைமர் வைத்து வெடிக்க வைத்ததும் அவற்றில் ஒன்று. 2024 ஜனவரியில் ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சு கிரான் மேக்ஸ் லோரி, அதே உடம்பில் வரும் டொயோட்டா டவுன் ஏஸ், மஸ்டா போங்கோ லோரி ஆகியவற்றின் சான்றிதழை ரத்து செய்தது.

சான்றிதழ் ரத்து என்றால் அந்த நாட்டில் அந்த வகையைப் புதிதாகச் செய்து விற்க முடியாது. ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டியில் ஒரு பாகத்தை மாற்றுவதுதான் ரீகால். முதலாவது நடந்தால் இரண்டாவதும் வந்தே தீரும் என்றில்லை. அங்கே நடந்தது அங்குள்ள வண்டிகளுக்கு. உங்கள் கிரான் மேக்ஸுக்கு ஏதாவது வேலை உண்டா என்பதற்கு வழி அதே சாசி எண்தான்.

"போன வருசம்தான் மாத்திக் கொடுத்தாங்க. இப்போ மறுபடியும் கூப்பிடுறாங்க. ஏமாத்துறாங்களா?"

இல்லை, போங்கள். முதல் தடவை செய்வது சில நேரம் தற்காலிக வேலை. 2017-இல் வட அமெரிக்காவில் ஃபோர்ட் சுமார் 4 லட்சம் டிரான்சிட் வேன்களை அழைத்தது. எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பில் உள்ள ரப்பர்ப் பாகம் விரிசல் விட்டது. தண்டு கழன்றால் பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் அடிக்கும். நிரந்தரத் தீர்வு தயாராகும்வரை ஒவ்வொரு 30,000 மைலுக்கும், அதாவது ஏறத்தாழ 48,000 கிலோமீட்டருக்கும், அந்தப் பாகத்தை மாற்றித் தருகிறோம் என்றார்கள். தக்காத்தாவிலும் முதலில் மாற்றிய சில இன்ஃபிளேட்டர்கள் அதே பழைய வகை. புதிது என்பதால் உடனே ஆபத்தில்லை, ஆனால் அதையும் பிறகு மாற்ற வேண்டியிருந்தது.

தொழிலுக்கு ஓட்டும் வேன் காரைவிட அதிகம் ஓடும். தற்காலிகப் பாகம் உங்களிடம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு தடவை முடித்தாயிற்று என்று பெயரை அடித்துவிடாமல், தாளில் "தற்காலிகம்" என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"ரீகால் செய்யாம ஓட்டி மோதிட்டா இன்சூரன்ஸ் கொடுக்காதா?"

என் தொழில் என்பதால் கவனமாகச் சொல்கிறேன். மூன்றாம் தரப்புக் காப்புறுதி 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி கட்டாயம். பாலிசியில், வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க நியாயமான அக்கறை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். "ஓட்டாதே" என்று எழுதிய கடிதத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டியவருக்கு இந்த நிபந்தனையை வைத்துக் கேள்வி வரலாம். தேதி வாங்கிக் காத்திருக்கிறேன் என்று தாள் காட்டுபவரின் நிலை வேறு. பாகம் இல்லை என்ற பதிலில் தாள் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

"சர்வீஸ் சென்டர் அலைக்கழிக்குது. எங்க புகார் செய்யலாம்?"

முதலில் விநியோகஸ்தரின் தலைமையகத்துக்கு எழுத்தில். கிளையில் ஒருவர் கைவிரித்ததைத் தலைமையகம் ஒரே போனில் சரி செய்ததுண்டு. கம்பெனியே கை மாறியிருந்தால் இப்போதைய விநியோகஸ்தரைத் தேடுங்கள். கியா விநியோகம் நாசா என்ற கம்பெனியிடமிருந்து 2021-இல் பெர்மாஸ் கம்பெனி பக்கம் போனது, கியா பிரேஜியோ வேன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புக் குறை என்பதால் ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறைக்கும் தெரிவிக்கலாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிட அமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது.

பணம் இழந்திருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் அந்தச் சட்டம் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு வாங்கும் பொருளை மனத்தில் வைத்து எழுதியது. வியாபாரத்துக்கு ஓட்டும் வேன் என்றால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். கோயிலுக்கும் குடும்பத்துக்கும் அதே வேன்தான் என்றால் அதற்கான சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு மனுப் போடுங்கள். கம்பெனி பெயரில் பதிந்த வேன் என்றால், மனுப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.